காஞ்சனபுரி மரண ரயில் நினைவிடங்கள்: எதற்கு நேரம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பாங்காக்கில் "பாலம், ரயில், கணவாய் எல்லாம் ஒரே நாளில்" என்று கூவி விற்கிற வேன் பயணத்தை எடுக்காதீர்கள். காஞ்சனபுரிக்குப் போக இரண்டரை மணி நேரம், திரும்ப இரண்டரை மணி நேரம். ரயில் பாதைக்காகக் கைதிகள் மலைப்பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய் அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் வடக்கே. கழித்துப் பார்த்தால் கணவாயில் முக்கால் மணி நேரம் நின்றாலே அதிகம். வண்டி பாலத்தடியில் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரம் அதைவிட நீளம். காஞ்சனபுரியிலேயே இரண்டு இரவு தங்கிவிடுங்கள். ஒரு நாள் ஊருக்குள், ஒரு நாள் கணவாய்க்கு. அப்போதுதான் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியும்.

பின்னணி தெரியாதவர்களுக்கு நாலு வரி. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் போடவைத்த 415 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதைதான் மரண ரயில். 1942 நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமிருந்தும் போட்டு வந்த தண்டவாளங்களை 1943 அக்டோபரில் கோன்கொய்டா அருகே இணைத்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். மலாயா, ஜாவா, பர்மா, சயாம் (இன்றைய தாய்லாந்து) பகுதிகளிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டுவந்த ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கும்போது இந்த விகிதத்தை மறக்க வேண்டாம்.

ஊருக்குள் முதலில் பார்க்க வேண்டியது தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம். போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பாதையின் தடத்தைக் காட்டுக்குள் ஆண்டுக்கணக்காக நடந்து அளந்து, அந்த உழைப்பின் மேல் 2003இல் திறந்த தனியார் அருங்காட்சியகம் இது. கட்டணம் உண்டு, அவ்வப்போது மாறும். 200 பாட் கையில் இருந்தால் போதும். டிக்கெட்டோடு மாடியில் ஒரு காப்பியோ தேநீரோ தருவார்கள். அந்த மேசைகளிலிருந்து கல்லறைத் தோட்டம் முழுக்கத் தெரியும்.

இந்த மையத்தின் பலம் வரிசைதான். பாதையை ஏன் போட்டார்கள், எந்த வழியாகப் போட்டார்கள், யாரை எதில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதனால் செத்தார்கள் என்று ஒழுங்காகக் கொண்டுபோகிறது. நிலப்பரப்பை மேடுபள்ளத்தோடு காட்டும் பெரிய மாதிரியிடம் பத்து நிமிடமாவது நில்லுங்கள். பொருள்களைக் கொண்டுபோக ஆற்றை நம்பியதால் பாதை குவே நோய் ஆற்றின் கரையோடு ஒட்டிப் போக வேண்டியிருந்தது. கரையோ செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலை. அதனால்தான் இத்தனை வெட்டுகள், மலையைக் கட்டிக்கொண்டு போகும் இத்தனை மரப்பாலங்கள். இது மண்டையில் ஏறிவிட்டால் மறுநாள் கணவாயில் பாறையைப் பார்க்கும்போது கேள்வியே வராது.

அடுத்தது சரக்கு வேகன். சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் பான்போங் வரை நான்கைந்து நாள் பயணம். அரிசி ஏற்றும் இரும்புப் பெட்டியில் முப்பது பேர் வரை அடைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரவே இடம் போதாது. பகலில் தகடு சுடும், இரவில் குளிரும். வயிற்றுப்போக்கு வந்தவரைக் கதவோரம் இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளிகள் வந்ததும் இதே தடத்தில், இதே மாதிரிப் பெட்டிகளில்தான்.

மருத்துவப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். முகாம் மருத்துவர்களிடம் மருந்து கிடையாது. மூங்கில், தகர டப்பா, ஸ்டெதஸ்கோப் ரப்பர் குழாய் இவ்வளவுதான். காலராவில் உடம்பின் நீர் வற்றிச் சாகிறவனுக்கு உப்புநீர் ஏற்ற வேண்டும். ஆற்று நீரைக் கையால் செய்த வாலையில் வடித்து, உப்புக் கலந்து, மூங்கிலைச் சீவிச் செய்த குழலை நரம்பில் செருகி ஏற்றியிருக்கிறார்கள். மூங்கில் முள் கீறிய சின்னக் காயம் வெப்பமண்டலப் புண்ணாகிக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சதையைத் தின்றுவிடும். கரண்டியைத் தீட்டி அழுகின சதையைச் சுரண்டுவார்கள். அப்படியும் கேட்காவிட்டால் காலை எடுப்பார்கள். அரிசிச் சோறு மட்டுமே தின்ற உடம்பில் வைட்டமின் இல்லை, அதனால் புண் ஆறாது, அதே குறையால் பெரிபெரி என்ற ஊட்டக்குறை நோய், முடிவில் சாவு. இந்தச் சங்கிலியைக் காரணத்தோடு விளக்குகிற இடம் ஊருக்குள் இது ஒன்றுதான்.

கைதியாக இருந்தவரின் குடும்பத்துக்கு அவர் எந்தக் குழுவில் போனார், எந்த முகாமில் இருந்தார், எங்கே இறந்தார் என்று தேடித் தரும் சேவையும் இங்கே உண்டு. பெயர், படைப்பிரிவு, படை எண் மூன்றையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போனால் பலன் கிடைக்கும். நேரே போய் நின்றுகொண்டு "தாத்தா இங்கே இருந்தாராம்" என்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கு இந்தச் சேவை அநேகமாக உதவாது. படை எண் இல்லாதவர்களுக்கு முழுப் பெயர்ப்பட்டியல் எங்குமே கிடையாது. அது மையத்தின் குறை ஆகாது, வந்தவர்களின் பெயரை எழுதிவைக்க அன்றைக்கே யாரும் அக்கறைப்படவில்லை.

வெளியே வந்தால் கல்லறைத் தோட்டம். 5,084 காமன்வெல்த் வீரர்கள், 1,896 டச்சுக்காரர்கள். கட்டணம் இல்லை. குறிப்பிட்ட ஒருவரைத் தேடுவதானால் ஆணையத்தின் இணையதளத்தில் முன்பே பெயரைப் போட்டு பகுதி, வரிசை, கல்லறை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஏழாயிரம் தகடுகளுக்கு நடுவே சும்மா தேடினால் கிடைக்காது. பலரும் பார்க்காமல் போவது நுழைவாயிலருகே உள்ள நினைவுப்பலகை. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள் 11 பேருக்கானது அது.

பக்கத்திலேயே வட் தாவோன் வராராம் கோவில். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதில்லை. போருக்குப் பின் ஆங்காங்கே குழிகளிலிருந்து எடுத்த ஆசியத் தொழிலாளிகளின் எலும்புகளைச் சேர்த்துவைத்த கல்லறை இங்கே இருக்கிறது. பத்தாயிரம் பேர் கல்லறை என்று சீன எழுத்தில் பொறித்திருக்கும். தமிழர்களுக்கென்று ஒரு நடுகல்லும் அண்மை ஆண்டுகளில் நட்டிருக்கிறார்கள். வழிகாட்டிப் பலகைகளை நம்பாதீர்கள். கோவிலுக்குள் இருக்கும் பிக்குவிடமோ பணியாளரிடமோ கைப்பேசியில் படத்தைக் காட்டிக் கேட்பது சுலபம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் வெட்டிய புல்லையும் வரிசைப் பூச்செடியையும் பார்த்துவிட்டு நேரே இங்கே வாருங்கள். சாவு எண்ணிக்கை எந்தப் பக்கம் அதிகம், பராமரிப்பு எந்தப் பக்கம் அதிகம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி அந்தப் பாலம், குவே ஆற்றுப் பாலம் என்று உலகமே அறிந்தது. படம் எடுக்க அரை மணி நேரம் போதும். "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்" என்ற ஹாலிவுட் படத்தில் வருகிற பாலம் இது இல்லை; அந்தப் படம் எடுத்தது இலங்கையின் கிதுல்கலையில். இங்கிருப்பது இரும்புப் பாலம். அதன் வளைந்த தாங்கிகள் ஜாவாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் கோணமாக நிற்கும் இரண்டும் குண்டுவீச்சில் உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. பாலத்தின் மேல் நடக்கலாம். ரயில் வரும்போது ஒதுங்க ஓரத்தில் சின்ன மேடைகள் உண்டு, ஊதல் கேட்டதும் அங்கே போய்விடுங்கள், தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பாலத்தைவிட முக்கியம் அதிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஜப்பானிய நினைவுத்தூண். 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜப்பானிய ராணுவம் கட்டியது. அதன் சுவர்ப் பலகைகளில் இறந்தவர்களுக்கான அஞ்சலி பல மொழிகளில் இருக்கிறது, தமிழும் ஒன்று. வேலை வாங்கிக் கொன்றவர்களே தமிழில் அஞ்சலி எழுதிவைத்துவிட்டார்கள். வென்றவர்கள் பின்னால் கட்டியவற்றில் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டுக்காகவே இருபது நிமிடம் கொடுக்கலாம்.

வட் சாய் சும்போன் கோவில் வளாகத்தில் 1977இல் தொடங்கிய ஜீத் போர் அருங்காட்சியகம் சின்னது, பழையது. கைதிகள் படுத்திருந்த மூங்கில் குடிசையின் மாதிரிக்குள் படங்களும் ஓவியங்களும் தொங்குகின்றன. விளக்கம் குறைவு. ரயில்வே மையத்தைப் பார்த்தவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. மூங்கில் மேடையில் ஒருவருக்கு எவ்வளவு அகலம் கிடைத்திருக்கும் என்று உடம்பால் உணர மட்டும் உதவும். நேரம் இருந்தால் பாருங்கள். பாலத்தை ஒட்டித் துப்பாக்கி, பழைய கார், மெழுகுப் பொம்மை என்று கலந்துகட்டி வைத்திருக்கும் கூடங்களை விட்டுவிடலாம்.

ரயில் பயணம் நல்லது, ஆனால் எதற்காக ஏறுகிறோம் என்று தெரிந்து ஏற வேண்டும். பாங்காக்கில் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. பெரிய நிலையத்துக்குப் போய் நின்று வண்டியைத் தவறவிடுபவர்கள் தினமும் உண்டு. மூன்றாம் வகுப்பு மட்டும், குளிர்சாதனம் கிடையாது, வெளிநாட்டவருக்கு 100 பாட். போருக்குப் பின் பாதையின் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டார்கள். நோங் பிளாடுக்கிலிருந்து நாம் டோக் வரை 130 கிலோமீட்டர்தான் இன்று ஓடுகிறது. நாம் டோக் போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். தாம் கிராசே அருகே மலையைக் கட்டிப்பிடித்த மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும். வலப்பக்கம் உட்கார்ந்தால் பாறை மட்டுமே தெரியும், ஆறு தெரியாது. காலதாமதம் சாதாரணம். அன்று மாலையே விமானம் பிடிக்க வேண்டியவர் இந்த ரயிலை நம்பக் கூடாது.

இப்போது ஹெல்ஃபயர் கணவாய். இதற்காகத்தான் இரண்டாவது நாள். 323ஆம் எண் நெடுஞ்சாலையில், தோங் பா பூம், சங்க்லாபுரி போகும் பேருந்தில் ஏறி நடத்துநரிடம் கணவாயின் படத்தைக் காட்டினால் வாசலில் இறக்கிவிடுவார். பிற்பகல் நாலு மணிக்கு மேல் திரும்பும் பேருந்து அரிதாகிவிடும். இறங்கும்போதே கடைசி வண்டியின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்தால் நாள் வாடகைக்குக் கார் எடுப்பதே சிக்கனம். 1998இல் திறந்த விளக்க மையத்தை ஆஸ்திரேலிய அரசு நடத்துகிறது. கட்டணம் இல்லை. காலை 9 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருந்தால் பதினொரு மணி வேன்களுக்கு முன் கணவாய் உங்களுடையது.

இங்கே விடக்கூடாதது ஒலி வழிகாட்டி. இலவசம்தான், முன்பணமோ அடையாள அட்டையோ கேட்பார்கள். காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் அங்கே வேலை செய்த முன்னாள் கைதிகளே பேசுகிறார்கள். தொழில்முறைக் குரல் ஒன்று தேதிகளைப் படிப்பதற்கும், எண்பது வயதுக்காரர் ஒருவர் தான் சுத்தியல் பிடித்த இடத்தைப் பற்றி மெதுவாகப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தச் சேவையின் மதிப்பு. ஆஸ்திரேலிய உச்சரிப்பு பழகாதவர்களுக்கு முதல் இரண்டு பதிவுகள் பிடிபடாது. திரும்பப் போட்டுக் கேளுங்கள். குழுவாகப் போனாலும் ஆளுக்கொன்று வாங்குங்கள். ஒன்றை மாற்றி மாற்றிக் கேட்டால் நிற்கும் இடமும் பேச்சும் பொருந்தாது. எடுக்கும்போதே மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் நின்றால் படியேறித் திரும்ப வேண்டும்.

மையத்திலிருந்து மரப்படிகள் வழியாக இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்குவதைவிட ஏறுவதற்கே அஞ்ச வேண்டும். கீழே பழைய தடத்தில் சரளைக்கல் அப்படியே கிடக்கிறது. செருப்போ மெல்லிய அடிப்பாகமுள்ள காலணியோ போட்டால் கணுக்கால் பிசகும். கணவாய் என்று சொல்கிற கோன்யூ வெட்டு இரண்டு துண்டு. ஒன்று நீளமானது, சுமார் 450 மீட்டர் நீளமும் 7 மீட்டர் ஆழமும். மற்றது 75 மீட்டர்தான் நீளம், ஆனால் 25 மீட்டர் ஆழம். எல்லோரும் படம் எடுப்பது இந்த இரண்டாவதை.

பாறைச் சுவரை ஒரு முழம் தூரத்தில் நின்று பாருங்கள். மேலிருந்து கீழாகப் பாதிக் குழாய் வடிவில் கோடுகள் ஓடும். அவை துளைகளின் மிச்சம். ஒருவன் இரும்பு உளியைப் பிடித்து ஒவ்வொரு அடிக்கும் சற்றே திருப்ப வேண்டும். மற்றவன் எட்டுப் பவுண்டு சுத்தியலால் அடிக்க வேண்டும். துளையில் தண்ணீர் ஊற்றி, முனை வளைத்த கம்பியால் கல்தூளை வழித்தெடுப்பார்கள். ஆழம் போதுமானதும் வெடிமருந்து அடைத்து வெடிப்பார்கள். துளையின் ஒரு பாதி வெடித்த கல்லோடு போய்விடும், மறுபாதி சுவரில் தங்கிவிடும். ஜோடிக்கு நாளொன்றுக்கு ஒரு மீட்டர் அளவில் தொடங்கிய துளை அளவு பிறகு இரண்டு, மூன்று என்று ஏறியது. பிடிப்பவனின் கை தளர்ந்தால் சுத்தியல் மணிக்கட்டில் விழும்; உளி சிக்கிக்கொண்டால் அன்றைய அளவு முடியாது, காவலாளியின் தடி வரும். ஓரிடத்தில் முறிந்த உளி ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கண்ணாடிப் பெட்டியில் உள்ள பொருளையும்விட இது அதிகம் சொல்கிறது.

1943 ஏப்ரலில் இங்கே வேலை தொடங்கியது. அவசரம் கூடியபின் ஒரு நாளில் 18 மணி நேரம் வரை வேலை. இரவில் மூங்கில் தீயும் எண்ணெய் விளக்கும் வைத்து வெட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் நிழல்கள் ஆடிய காட்சிதான் இடத்துக்கு ஹெல்ஃபயர், அதாவது நரகத்தீ, என்ற பெயரைக் கொடுத்தது. அதே மாதங்களில்தான் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன. பலரும் இந்த வெட்டோடு திரும்பிவிடுகிறார்கள். முடிந்தால் தொடர்ந்து ஹின்டோக் பக்கம் நடங்கள். குவே நோய் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் நேற்று ரயில்வே மையத்தில் மாதிரியாகப் பார்த்த நிலப்பரப்பு கண்முன் விரியும். முழுவதும் போய் வர மூன்று மணி நேரம் வையுங்கள். தடத்தின் சில பகுதிகளை அவ்வப்போது மூடுவார்கள், மேசையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்; கீழே கடை கிடையாது.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒலி வழிகாட்டியில் பேசுபவர்கள் போர்க்கைதிகள். நாட்குறிப்பு எழுதி மூங்கிலுக்குள் ஒளித்தவர்கள், படம் வரைந்தவர்கள், ஊர் திரும்பியதும் பேட்டி எடுக்க ஆள் இருந்தவர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று கங்காணி சொல்ல ஏறிப் போன தோட்டத்துக்காரருக்கு இவற்றில் எதுவும் இல்லை. படையினருக்கு ஒழுங்கும் மருத்துவரும் இருந்தார்கள். கழிப்பிடத்தைத் தள்ளி வெட்ட, தண்ணீரைக் கொதிக்கவைக்கக் கட்டளை இருந்தது. தொழிலாளர் முகாம்களில் சொல்ல ஆளில்லை, கொதிக்கவைக்கப் பாத்திரமும் இல்லை; காலரா வாரிக்கொண்டு போனது. அந்த முகாம்களுக்கென்றே சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கே படை, எல் படை என்று இரண்டு மருத்துவக் கைதிக் குழுக்களை 1943இல் அனுப்பினார்கள். முதல் குழுவில் 230 பேர், இரண்டாவதில் 115 பேர். தமிழர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு இவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் முக்கியமான சாட்சி. அருங்காட்சியகங்களில் தேடினால் இது கிடைக்கும், ஆனால் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே போகுமுன் வீட்டிலேயே ஒரு வேலை. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. ஜப்பானியர் ஆட்சிக்கால அனுபவங்களைப் பற்றிய பேட்டிகள் 1980களிலிருந்து எடுக்கப்பட்டவை. தமிழில் பேசியவர்களும் உண்டு. அரை மணி அளவான துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். மரண ரயில், சயாம், இந்திய தேசிய ராணுவம் என்று ஆங்கிலத்தில் தேடி, ஒவ்வொரு துண்டின் சுருக்கத்தையும் முதலில் படித்துவிட்டு, வேண்டியதை மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் பள்ளிப்பருவத்திலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். சிலவற்றை உடனே கேட்க முடியாது, காப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பயணத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். கணவாயில் ஒலி வழிகாட்டி முடிந்த பிறகு, கைப்பேசியில் இறக்கி வைத்த குறிப்புகளை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். தடத்தில் இணைய இணைப்பை நம்ப வேண்டாம்.

பருவம் பற்றி. நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நடக்க ஏற்றது. மார்ச் முதல் மே வரை வெட்டுக்குள் காற்றே அசையாது. மழைக்காலத்தில் படிகள் வழுக்கும், ஆனால் 1943இல் மழை என்ன செய்தது என்று புரியும். ஆஸ்திரேலியர்களின் படைவீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 அன்று கணவாயில் அவர்களின் விடியற்கால அஞ்சலி. ஊரிலிருந்து நள்ளிரவுக்குப் பின்பே வண்டிகள் கிளம்பும், அதற்கு முன்பதிவு இல்லாமல் அந்த நாளில் போக வேண்டாம். நவம்பர் கடைசியில் பாலத்தடியில் ஒலி ஒளிக் காட்சியோடு திருவிழா நடக்கும். அந்த நாட்களில் அறை வாடகையும் ஏறும், இருப்பதும் கிடைக்காது.